பதினோராம் நோன்பின் நோட்டீஸ்

ரஹீம்கோட்டில் மௌலாதாத் ஒரு தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினால் பாதிக் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். மனுஷன் யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை, பார்த்த வேலை அப்படி. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகிற பியூன். கல்யாணக் குதிரை மேல் பூச்சரம் முகத்தை மறைக்க உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் கையில் சம்மனைத் திணித்திருக்கிறார். பல் பிடுங்குகிறவன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருந்த தானிய வியாபாரியிடமும் கொடுத்திருக்கிறார். அந்த ஆளால் வாயை மூடித் திட்டக்கூட முடியவில்லை. ஆளைக் காணவில்லை என்று எழுதி அவர் திருப்பிக் கொண்டுவந்த காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. இதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். காகிதம் கொடுக்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார். பஞ்சாபில் ஒருவன் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவனுக்கு எதிராகக் கையை நீட்டினால், அப்புறம் அந்தக் கையால் பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூட நாலு பேர் விட மாட்டார்கள். இது தெரிந்த பெரிய மனிதர்கள் அவர் தலையைக் கண்டதுமே, “வாங்க, மோர் குடிங்க” என்று ஆரம்பிப்பார்கள். அவரும் “வயிறு சரியில்லை” என்று ஆரம்பிப்பார். அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு நாள் வயிறு சரியில்லாமல் இருந்த மனிதர் வேறு யாரும் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் கோர்ட்டு வேலையை உதறிவிட்டு, முஸ்லிம்களின் கட்சி ஊரில் திறந்த மாவட்ட ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். பதவி அதே பியூன்தான், சம்பளம் முன்னதில் பாதி. மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. ஒற்றை அறையில் ஒற்றை மனிதன் எதைத் தின்றால் என்ன! ‘இந்தக் கட்சியில் ஜமீன்தாருக்கும் ஓர் ஓட்டு, பியூனுக்கும் ஓர் ஓட்டு’ என்று மேடையில் யாரோ சொன்னது அவர் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அதை அப்படியே நம்பினார், பாவம்.

நாற்பத்து நான்காம் வருஷ ரமலான். வியாழக்கிழமை காலை, மாவட்டச் செயலாளர் ஷேக் மன்ஸூர் வக்கீல் அவரை உள்ளே கூப்பிட்டார். வக்கீலுக்குத் தன் கையெழுத்து முத்து என்று ஒரு நினைப்பு. மேஜை மேல் அவரே எழுதிய நோட்டீஸ் ஒன்று மை காய்ந்துகொண்டிருந்தது. உச்சியில் இறைவன் பெயர், அதற்குக் கீழே ‘ரமலான் பிறை 11’ என்று வளைத்து வளைத்துப் பெரிதாக, ஆங்கிலத் தேதி மூலையில் எறும்பு மாதிரி.

“கூட்டம் அடுத்த வெள்ளி, எட்டாம் தேதி. நடுவுல முழுசா ஏழு நாள் இருக்கணும், அதுதான் கட்சி விதி. அதனால இது இன்னிக்கே மாலிக் கைல போகணும். வேலைக்காரன் கைல இல்ல, கணக்கு எழுதுற முன்ஷி கைல இல்ல. அவர் கைல.”

“தபால்ல ரெண்டு தடவை போச்சே, வக்கீல் சாகிப்?”

“ரெண்டும் ‘ஆள் ஊரில் இல்லை’ன்னு திரும்பி வந்துருச்சு. தபால்காரனும் அவர் உப்பைத்தானே திங்கிறான்.”

மாலிக் என்றால் கோட் பஹ்ராமின் ஜமீன்தார் மாலிக் ஸர்புலந்த் கான். லாகூரில் ஆட்சி நடத்திய ஜமீன்தார்களின் கட்சியில் ஒரு கால், இந்தக் கட்சியில் ஒரு கால் என்று வெகு சௌகரியமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டில் ஒன்றை விடு என்று தலைமை உத்தரவு போட்டுவிட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எட்டாம் தேதிக் கூட்டத்தில் மாவட்டத் தலைவர் தேர்தல் இருந்தது. நோட்டீஸ் இன்று அவர் கைக்குப் போய்விட்டால் அதே கூட்டத்தில் அவரை நீக்கலாம், வக்கீல் தலைவராகலாம். போகாவிட்டால் மாலிக்தான் தலைவர். கமிட்டியில் பாதிப் பேர் அவருடைய ஆட்கள்.

மௌலாதாத் காகிதத்தைத் தொடாமல் நின்றார். “என் தம்பி பஹாவல் அவர் நிலத்துலதான் பங்கு வாரத்துக்கு உழுறான். வீடும் அவரோடதுதான்.”

“தெரியும்யா. உன் தம்பி மேல ஒரு தூசி விழுந்தா கட்சி சும்மா இருக்குமா? மாவட்டமே திரண்டு வந்து நிக்கும். நான் சொல்றேன்ல?”

வக்கீல் சொன்னால் சரிதான் என்று அவர் காகிதத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். நோன்பு நாளாக அமைந்தது கூட நல்லதற்குத்தான் என்று தோன்றியது. நோன்பாளியை யார் மோர் குடிக்கச் சொல்ல முடியும்? இருந்தாலும் பழைய ஜாக்கிரதை விடவில்லை. கிளம்பும் முன் தன் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தோள்துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

கோட் பஹ்ராமுக்கு ஏழு மைல். ஊர் எல்லையில் பஹாவலின் எட்டு ஏக்கர். பருத்திக் காய்கள் ஒன்றிரண்டு வாய் திறந்து வெள்ளை காட்டத் தொடங்கியிருந்தன. இன்னும் இருபது நாளில் முதல் பறிப்பு. வாய்க்கால் ஓரத்தில் பஹாவல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வழியை மறித்து நின்றான்.

“அண்ணே, திரும்பிப் போயிருங்க.”

“எங்க போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கமிட்டி ஆளுங்க மூலமா முன்ஷிக்குத் தெரிஞ்சிருச்சு, நேத்தே சொல்லிட்டான். ‘உங்கண்ணன் காகிதத்தோட வருவான், நீ தடுத்துரு, இல்லேன்னா உனக்கு இங்க சோலி இல்ல’ன்னு. மூணு பிள்ளைங்கண்ணே எனக்கு. உங்களுக்கு அடுத்த வேளை சோறு எங்கேன்னு கேக்க யாரும் இல்ல, எனக்கு நாலு வாய் கேக்கும்.”

“தடுக்கிறியா அப்ப?”

“தடுக்க நான் யாரு? காலைப் பிடிக்கிறேன்.” நிஜமாகவே குனிந்தான்.

மௌலாதாத் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். “கட்சி இருக்குடா. வக்கீல் வாக்குக் குடுத்திருக்காரு.”

“கட்சி வந்து என் பருத்தியப் பறிக்குமா?”

 தம்பிக்கு முகம் காட்டாமல் சைக்கிளை ஏறி மிதித்தார்.

மாலிக் விருந்தாளிகளையும் வழக்குக்காரர்களையும் பார்க்கிற முற்றத்தில் ஒரு பெரிய வேப்பமரம், கீழே பத்துப் பன்னிரண்டு கயிற்றுக் கட்டில்கள். முன்ஷி சிராக் தீன் மருதாணிச் சிவப்பேறிய தாடியைத் தடவிக்கொண்டு எதிரே வந்தான். மாலிக்கின் கணக்கும் அவன்தான், காதும் அவன்தான்.

“அடடா, யாரு, மௌலாதாதா! கோர்ட்டு விட்டுக் கட்சிக்குப் போயும் பை மட்டும் மாறலையே. உக்காருங்க. மாலிக் ஜி தூங்குறாரு.”

“இருக்கேன்.”

ஒரு மணி நேரம் கழித்து, “ஓதிக்கிட்டிருக்காரு. அல்லாவோட பேசிக்கிட்டிருக்கிற மனுஷனை பியூன் வந்திருக்கான்னு கூப்பிடவா?”

“வேணாம். இருக்கேன்.”

நண்பகல் தாண்டியது. ஆகஸ்டு முடிகிற புழுக்கம், இலை அசையவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நோன்பு பிடிக்காத கூலிகளுக்காக வயலுக்குப் போகிற பானையிலிருந்து முன்ஷி ஒரு கிண்ணம் மோரை அவர் கண் முன்னாலேயே உயரத் தூக்கி ஊற்றிக் காட்டினான். நுரை கட்டிக்கொண்டு விழுந்தது.

“பயணிக்கு நோன்பை விட்டுரலாம்னு மார்க்கமே சொல்லுதே. அப்பறமா ஒரு நாள் கணக்குத் தீத்துக்கலாம். ஊத்தவா?”

“ஏழு மைலுக்கு நோன்பை விட்டா அல்லா சைக்கிளையும் பிடுங்கிக்குவான், முன்ஷி ஜி.”

கட்டிலில் கிடந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். முன்ஷியும் சிரித்தான், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. “சரி, சரி. எப்படியும் சாயங்காலம் மாலிக் ஜியோட தானே நோன்பு திறக்கப்போறீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அப்போதுதான் மௌலாதாதுக்கு விளங்கியது.  நோன்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வந்தாரே, நோன்பு சாயங்காலம் முடியும் என்பதை மறந்துவிட்டாரே! தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்லும் நேரத்தில் நாலு பேர் முன்னால் பேரீச்சம்பழத்தை நீட்டுவார்கள். நோன்பு திறக்கக் கொடுப்பதை மறுப்பவன் மனிதனா? தின்றுவிட்டால் அப்புறம் காகிதத்தை எந்த முகத்தோடு கொடுப்பது? பகல் பூராவும் அவரை உட்கார வைத்திருந்தது இதற்குத்தான். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருபத்திரண்டு வருஷத்தில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் தடவை.

போகவில்லை. மாலிக் எங்கே ஒளிந்தாலும் நோன்பு திறக்க ஊர்ப் பள்ளிவாசலுக்கு வந்தே ஆக வேண்டும். ரமலான் முழுக்க ஊராருக்குத் தன் கையால் பழம் கொடுப்பது அவருடைய அப்பா காலத்து வழக்கம். ஒரு பியூனுக்குப் பயந்து வராமலிருந்தார் என்ற பேச்சை அவரால் தாங்க முடியாது. மௌலாதாத் முன்கூட்டியே போய்க் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு முற்றத்தின் பாயில் உட்கார்ந்தார். பின்வரிசையில் பஹாவல் இருந்தான். அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலிக் சரியாகப் பாங்கின் முதல் சொல்லோடு உள்ளே வந்தார். கஞ்சி போட்ட தலைப்பாகை, ஆறடி உடம்பு, இரண்டு கையிலும் பெரிய தாம்பாளம். கை காலியில்லை! எவ்வளவு யோசித்து வந்திருக்கிறார் பாருங்கள். நேராக மௌலாதாதிடம் வந்து குனிந்தார்.

“காலைலேர்ந்து இருக்கியாமே. ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலையே. மொதல்ல வாயை நனை. வேலை எங்க ஓடிப் போகுது?”

எல்லாத் தலையும் திரும்பியது. ஒருத்தரும் இன்னும் பழத்தை வாயில் வைக்கவில்லை. மௌலாதாத் தோள்துண்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். உப்பை எடுத்து, துஆவை முணுமுணுத்து, நாக்கில் வைத்துக்கொண்டார்.

“அல்லா உங்களுக்கு பரக்கத் குடுக்கட்டும், மாலிக் ஜி. நான் திறந்துட்டேன்.”

மாலிக்கின் சிரிப்பு அப்படியே உறைந்தது. அடுத்த ஆளிடம் தாம்பாளத்தை நீட்டினார். 

இமாம் தொழுகைக்கு எழுந்தார். முன்வரிசையில் மாலிக்குக்கு வலப்பக்கம் எப்போதும் முன்ஷியின் இடம். முன்ஷி தாம்பாளத்தை வாங்கி வைக்கப் போயிருந்தான். வரிசையில் இடைவெளி விழுந்தால் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், நிரப்பத்தான் வேண்டும். மௌலாதாத் இரண்டே எட்டில் போய் அந்த இடத்தில் நின்று தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார். தொழுகிறவனைப் பிடித்து இழுக்க யாரால் முடியும்? அன்றைக்கு அவர் ஓதியது எதுவும் மனசில் நிற்கவில்லை. சட்டைக்குள் காகிதம் உறுத்திக்கொண்டே இருந்தது. அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நெற்றியைத் தரையில் வைத்தார்.

தொழுகை முடிந்து சலாம் சொன்னதும் பக்கத்திலிருப்பவரின் கையைப் பற்றுவது அந்தப் பள்ளிவாசலில் எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். மாலிக்கின் வலது கை தன்னையறியாமல் பக்கவாட்டில் நீண்டது. மௌலாதாத் அதை இரண்டு கையாலும் பிடித்தார். விட்டபோது மாலிக்கின் உள்ளங்கையில் நோட்டீஸ் இருந்தது, விரல்கள் தாமாக அதை மூடிக்கொண்டிருந்தன.

“கட்சியிலேர்ந்து, மாலிக் ஜி.”

பின்வரிசைவரை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாலிக் கத்தவில்லை. காகிதத்தைப் பிரித்து, தேதி வரியைப் படித்துவிட்டு, “இமாம் சாகிப், இப்ப பிறை என்ன?” என்று கேட்டார்.

“பன்னெண்டு பொறந்துருச்சு, மாலிக் ஜி. சூரியன் இறங்கிருச்சே.”

“ம்” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பஹாவலின் கட்டில், பானை, குதிர் எல்லாம் தெருவில் கிடந்தன. எருமையை மட்டும் ஓட்டிக்கொண்டு போக விட்டார்கள், பருத்தியைத் தொட விடவில்லை. உழைத்த பாகம் கேட்டதற்கு முன்ஷி, “உங்கண்ணன்கிட்ட நோட்டீஸ் குடுத்தனுப்பு” என்றானாம். ஒற்றை அறையில் ஆறு பேர் ஆனார்கள். பஹாவல் ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் கல் சுமக்கப் போனான். அண்ணன் போட்ட ரொட்டியைத் தின்றான், அண்ணனோடு பேசுவதை விட்டுவிட்டான். அவன் பெண்டாட்டியாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் மௌலாதாதுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவளும் வாயைத் திறக்கவில்லை. மாலிக்கை எட்டாம் தேதி நீக்கிவிட்டால் கட்சியே வந்து தம்பிக்காக நிற்கும் என்று விரல் மடித்து நாளை எண்ணினார்.

எட்டாம் தேதி கமிட்டி கூடியது. மௌலாதாத் வழக்கம்போலக் கதவோரம் நின்றார். நோட்டீசை மாலிக்கே எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

“இது யாரோட கட்சி? முஸ்லிம்களோட கட்சி. நமக்கு நாள் எப்ப மாறுது? சூரியன் இறங்குறப்ப. இதுல என்ன எழுதியிருக்கு? பிறை பதினொண்ணு. என் கைக்கு எப்ப வந்துச்சு? சாயங்கால மஃரிபு தொழுது முடிச்சப்பறம், பிறை பன்னெண்டுல. இன்னிக்குப் பிறை பத்தொம்போது. நடுவுல எத்தனை முழு நாளு? ஆறு. எண்ணிக்குங்க.”

“ஆங்கிலத் தேதியும் போட்டிருக்கே” என்றார் வக்கீல்.

“மூலைல இருக்கு, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். அப்ப பெரிசா எழுதுனது எதுக்கு? அலங்காரத்துக்கா? வெள்ளைக்காரன் காலண்டர்தான் நமக்குச் சட்டம்னா எழுந்து சொல்லிருங்க, வக்கீல் சாகிப். மௌல்விமாருங்க கேட்டுக்கிட்டிருக்காங்க.”

மௌல்விமார்கள் தாடியை ஆட்டினார்கள். வக்கீலின் அழகுக் கையெழுத்தே வக்கீலின் கழுத்தைப் பிடித்தது. நோட்டீஸ் செல்லாது, நீக்கம் இல்லை, தேர்தல் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று முடிவாயிற்று. எல்லார் முன்னாலும் வக்கீல் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: “ஒரு காகிதம் குடுக்க ஒரு பகல் போதலையா உனக்கு? இருபத்திரண்டு வருஷம் என்னத்தைக் கிழிச்சே?”

மௌலாதாத் அந்தப் பகலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், சொல்ல விடவில்லை. ஊர் முழுக்க, ‘மௌலாதாத் நேரம் தப்பிக் கொடுத்தான், மாலிக் வீட்டு உப்பைத் தின்று கை நனைத்துவிட்டான்’ என்று பேச்சு பரவியது. அவர் வாழ்நாளில் யாரும் அவரைச் சொல்லாத வார்த்தை அது. சோறு இறங்காமல் பத்து நாள் கிடந்தார்.

பெருநாள் முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, காற்று திரும்பிவிட்டது. மாலிக்குக்கு மூக்கு நீளம். இனி எந்தக் கட்சி நிலைக்கும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, ஜமீன்தார்களின் கட்சியை விட்டு விலகுவதாகப் பத்திரிகையில் அறிக்கை விட்டார். லாகூரிலிருந்து மாவட்ட ஆபீசுக்குத் தந்தி வந்தது. மாலிக் ஸர்புலந்த் கானை மரியாதையோடு வரவேற்று, உறுப்பினர்கள் பொதுக் கூட்டத்தில் ஏகமனதாகத் தலைவராக்க வேண்டுமாம். வக்கீலுக்குச் செயலாளர் பதவி நிரந்தரம். அன்று சாயங்காலமே வக்கீலும் முன்ஷி சிராக் தீனும் ஒரே தட்டில் ஜிலேபி தின்றார்கள்.

“மௌலாதாத், உள்ள வா” என்றார் வக்கீல். “ஏகமனதுன்னா ஏகமனது. ஒரு கை குறைஞ்சாலும் லாகூர்ல நமக்குக் கேவலம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீதான் நோட்டீஸ் குடுத்த ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால முன்வரிசைல உக்காந்து கையைத் தூக்கணும்.”

முன்ஷி விரலை நக்கிக்கொண்டே சொன்னான்: “உங்க குடும்பத்துல ரெண்டு உறுப்பினர், நீங்களும் உங்க தம்பியும். நீங்கதானே அவனைச் சேத்துவிட்டீங்க? ரெண்டு கையும் தூக்குச்சுன்னா, கோதுமை விதைப்புக்கு எட்டு ஏக்கரும் வீடும் திரும்ப உங்க தம்பிக்கு. மாலிக் ஜியோட வாக்கு. தூக்கலேன்னா வேற குடியானவன் கயிறும் ஏரும் வச்சுக்கிட்டுத் தயாரா நிக்கிறான்.”

மௌலாதாத் வக்கீலைப் பார்த்தார். “தூசி விழாதுன்னீங்களே, வக்கீல் சாகிப். மாவட்டமே வந்து நிக்கும்னீங்களே.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குத்தகை, வாரம் இதெல்லாம் மாலிக்குக்கும் குடியானவனுக்கும் நடுவுல. கட்சி அதுல மூக்கை நுழைக்காது. கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அடி வயிற்றிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கிளம்பி அவர் தொண்டைவரை வந்தது. எட்டு ஏக்கர், வீடு, மூன்று பிள்ளைகள் என்று எண்ணி அதை விழுங்கினார். “தூக்குறேன்” என்றார். சொல்லும்போதே தன் மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் பஹாவல் செங்கல் தூசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். மௌலாதாத் அவன் முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னார். கை தூக்கினால் நிலம் வரும், வீடு வரும், தூக்காவிட்டால் இரண்டும் என்றைக்கும் இல்லை. அவன் கையிலிருந்த செங்கல் தூசியைத் தட்டினான். கடைசியில், “கூட்டம் எப்ப?” என்று மட்டும் கேட்டான். ஒரு மாதத்துக்கு மேலாகி அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். உள்ளே அவன் பெண்டாட்டி அழ ஆரம்பித்தாள். நிம்மதியில் அழுகிறாள் என்று மௌலாதாத் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், தானிய மண்டியின் கொட்டகையில் முந்நூறு பேர். பச்சைக் கொடி, பச்சைத் தோரணம், லாகூரிலிருந்து வந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள். மேடையில் மாலிக் கழுத்து கொள்ளாத மாலையோடு உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் மௌலாதாத், பத்து வரிசை பின்னால் சூளைக் கூலிகளோடு பஹாவல். வக்கீல் தீர்மானத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்து இழுத்து இழுத்துப் படித்தார்.

“மாலிக் ஸர்புலந்த் கான் அவர்களை மாவட்டத் தலைவராக ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள்!”

கைகள் எழுந்தன. மௌலாதாதின் கை ஒரு மூட்டை கனத்தது. தூக்கினார். முன்ஷி மேடையிலிருந்து அதைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

“எதிர்ப்பவர்கள்?” சும்மா சடங்குக்குக் கேட்டுவிட்டு வக்கீல் அடுத்த தாளைப் புரட்டினார்.

பின்னால் யாரோ எழுந்திருக்கும் சத்தம். அப்புறம் சலசலப்பு. மௌலாதாத் திரும்பினார். பஹாவல் நின்றுகொண்டிருந்தான், வலது கை நேராக மேலே.

முன்ஷி மேடையிலிருந்து குதித்து மௌலாதாதின் காதருகே குனிந்தான். “உக்காரச் சொல்லுய்யா அவனை! எட்டு ஏக்கர்! தெரியலையா அவனுக்கு?”

மௌலாதாத் தம்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“யாருப்பா அது? தெரியாம தூக்கிட்டியா? உக்காரு, உக்காரு” என்றார் வக்கீல், பத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

“தெரிஞ்சுதான் தூக்குறேன், வக்கீல் சாகிப்.” பஹாவல் அதுவரை இருபது பேருக்கு முன்னால்கூடப் பேசியவனில்லை. குரல் கிறீச்சிட்டது. “எங்கண்ணன் ஒரு பகல் பூரா பட்டினியாக் கெடந்து குடுத்த காகிதம் அது. நான் அங்க இருந்தேன், என் கண்ணால பாத்தேன். அவர் ஒரு பழம் தொடல. நான் அவர் காலைக்கூடப் பிடிச்சேன், கேக்காமப் போய்க் குடுத்தாரு. அந்தக் காகிதம் சரின்னா இவர் இங்க தலைவரா உக்கார முடியாது. தப்புன்னா எங்கண்ணன் கை நனைச்சவன். எங்கண்ணன் கை நனைச்சவன் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

 மாலிக் மாலைக்கு மேலாக அவனையே பார்த்தார். மௌலாதாதின் கை இன்னும் மேலேயே இருந்தது, அவர் அதை மறந்து போயிருந்தார். இறக்கி முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், பிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது” என்று படித்தார். கைதட்டல் கிளம்பியது, முதலில் மேடையில், அப்புறம் மெதுவாக எல்லாப் பக்கமும்.

சகோதரர்கள் இரண்டு பேரும் கூட்டம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள். மண்டி வாசலைத் தாண்டினார்கள்.

“எட்டு ஏக்கரும் போச்சேடா” என்றார் மௌலாதாத்.

“போச்சு.”

“ஏகமனதுன்னுதான் எழுதிக்கிட்டாங்க. உன் கையை எண்ணவே இல்ல.”

“அவங்க எழுதட்டும். மாலிக் பாத்தாருல்ல? முந்நூறு பேரு பாத்தாங்கல்ல?” பஹாவல் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “நீங்க எனக்காகத்தான் கையைத் தூக்குனீங்கன்னு எனக்குத் தெரியும், அண்ணே. அதைப் பத்தி இனிமே நாம பேச வேணாம்.”